கொசுக்களை எண்ணிய கவிஞர்

1910ஆம் ஆண்டில் ஒரே ஆசிரியரின் இரண்டு நூல்கள் இங்கிலாந்தில் வெளிவந்தன. ஒன்று கவிதைத் தொகுதி. மற்றொன்று மலேரியாக் காய்ச்சலைத் தடுக்கும் வழிகளை விரித்துரைக்கும் மருத்துவ நூல். கவிதைகளில் பிறந்த மண்ணிலேயே அயலானாக வாழ்ந்த ஒருவனின் தனிமையும், வறண்ட நிலத்தின் வெம்மையும், நோயுற்ற மக்களைக் கண்டு கலங்கும் நெஞ்சமும் பாடுபொருளாயின. மருத்துவ நூலிலோ கொசுக்களின் தொகையும் மனிதரின் தொகையும் விகிதங்களாக நிரல்பட நின்றன. இரண்டையும் எழுதியவர் ரொனால்டு ராஸ்.

கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர் என்றே பாடநூல்கள் அவரை அறிமுகம் செய்கின்றன. அது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. நோயைப் பரப்புவது எது என்று கண்டதோடு அவர் நின்றுவிடவில்லை. பரப்புவது எந்த அளவுக்கு மேல் இருந்தால் நோய் நிலைக்கும், எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் அது தானே அடங்கும் என்று வினவி, அதற்குக் கணிதத்தால் விடை தேடியவரும் அவரே. தொற்றுநோய்களின் போக்கைக் கணிக்கவும் தடுப்பூசிகளின் பயனை மதிப்பிடவும் இன்று வழங்கும் கணித முறைகள் பலவற்றின் வேர் அந்த வினாவில் உள்ளது.

1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் ராஸ் பிறந்தார். மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து அப்போது மூன்று நாட்களே ஆகியிருந்தன. தந்தை ஆங்கிலேய இந்தியப் படையில் அதிகாரி. பத்துப் பிள்ளைகளுள் மூத்தவரான ராஸ், எட்டாம் வயதில் கல்வியின்பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு உறவினர் வீட்டில் வளர்ந்தார். ஓவியத்திலும் இசையிலும் கவிதையிலுமே அவர் மனம் தோய்ந்தது. பதினான்காம் வயதில் பள்ளியில் கணிதத்துக்காகக் கிடைத்த பரிசு ஒரு வானியல் நூல். அந்நூல் எண்களின்பால் ஈர்ப்பொன்றை அவருள் விதைத்தது. வாழ்நாள் முழுவதும் அது வாடவில்லை.

ஓவியராகவோ எழுத்தாளராகவோ வாழ விரும்பிய மகனைத் தந்தை மருத்துவராக்க விரும்பினார். தந்தையின் விருப்பமே வென்றது. 1874இல் இலண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் சேர்ந்த ராஸ், ஆர்வமின்றியே பயின்று, தட்டுத் தடுமாறித் தேர்வுகளைக் கடந்து, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சென்னை மாகாணப் பிரிவில் இடம்பெற்றார்.

அக்காலத்துப் படை மருத்துவருக்கு ஓய்வு மிகுதி. சென்னையிலும் பெங்களூரிலும் பர்மாவிலும் அந்தமானிலும் கழிந்த ஆண்டுகளில் ராஸ் கவிதையும் நாடகமும் புதினமும் எழுதினார்; யாரும் பணிக்காமலே உயர்கணித நூல்களைத் தாமே கற்றார். பெங்களூரில் 1883இல் நிகழ்ந்த சிறு செய்தி ஒன்று உண்டு. தம் குடியிருப்பில் கொசுத் தொல்லை மிகுந்திருப்பதைக் கண்ட அவர், அருகிலிருந்த நீர்த்தொட்டியில் புழுக்கள் நெளிவதைப் பார்த்தார். தொட்டியைக் கவிழ்த்ததும் தொல்லை வெகுவாகக் குறைந்தது. படைவீட்டின் பிற தொட்டிகளையும் கவிழ்க்கலாம் என்று அவர் சொன்னபோது, இயற்கையின் ஒழுங்கைக் கலைக்கலாகாது என்று மேலதிகாரி மறுத்துவிட்டாராம். கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை அன்று ராஸும் அறியார். ஆயினும் கொசு முழுவதும் ஒழியாமலே தொல்லை தீரக்கூடும் என்ற அனுபவம் அவருக்கு வாய்த்தது அங்கேதான்.

மலேரியாவை நம் முன்னோர் முறைக்காய்ச்சல் என்றனர். சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றே அதற்குக் காரணம் என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். 1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவரான், நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டார். 1894இல் விடுப்பில் இலண்டன் சென்றிருந்த ராஸுக்கு அந்த ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் காட்டியவர் பாட்ரிக் மான்சன். கொசுவே அதைச் சுமக்கக்கூடும் என்ற தம் ஊகத்தையும் மான்சன் உரைத்தார். மறு ஆண்டு இந்தியா திரும்பிய ராஸின் உள்ளத்தில் அந்த ஊகம் தவிர வேறொன்றும் இல்லை.

செகந்திராபாத்தில் அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. எந்த வகைக் கொசு என்று தெரியாது. அதன் உடலில் எந்த உறுப்பில் தேடுவதென்றும் தெரியாது. ஈராண்டுகள் தவறான இனக் கொசுக்களையே அறுத்து அறுத்துப் பார்த்து ஏமாந்தார். 1897இல் விடுப்பில் உதகமண்டலம் சென்றபோது, சீகூர் மலைப்பாதையில் காய்ச்சலின் மூலத்தைத் தேடப் போய்த் தாமே காய்ச்சலில் விழுந்தார். மீண்டும் செகந்திராபாத், கோடை. விசிறி அசைந்தால் மேசைமேல் கிடக்கும் கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் பங்காவை நிறுத்திவிட்டு வேலை செய்தார். நெற்றி வியர்வை வழிந்து நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின.

உசேன்கான் என்ற நோயாளி, தம்மைக் கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் கூலி பெற்றுக்கொண்டு கொசுக்களுக்கு உடலை ஈந்தார். அவரைக் கடித்த, இறக்கையில் புள்ளிகளையுடைய கொசு ஒன்றை ஆகஸ்டு மாதம் 20ஆம் நாள் அறுத்தபோது, இரைப்பையின் சுவரில் கருநிறத் துகள்கள் அடங்கிய உயிரணுக்களை ராஸ் கண்டார். அவை மலேரியா ஒட்டுண்ணியின் வளர்நிலைகள். அந்தக் களிப்பைக் கவிதையாகவும் எழுதி வைத்தார்.

ஆய்வு முற்றுப்பெறுமுன் மலேரியா அரிதாக உள்ள இராசபுதனத்துக்கு அவர் மாற்றப்பட்டார். 1898இல் கல்கத்தாவில் பணி கிடைத்தபோது, மனிதரை விடுத்துப் பறவைகளிடம் ஆய்வைத் தொடர்ந்தார். முகமது பக்ஸ் என்ற உதவியாளர் கொசு பிடிப்பதிலும் பறவைகளைப் பேணுவதிலும் அவருக்கு வலக்கையாக நின்றார். அவ்வாண்டு சூலையில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமி வந்து சேர்வதையும், கடிவாயின் வழியே மற்றொரு பறவையை அடைவதையும் ராஸ் மெய்ப்பித்தார். மனித மலேரியாவில் இதே சுற்றை இத்தாலியப் பேராசிரியர் கிராசியும் அவர் தோழர்களும் அதே ஆண்டில் நிறுவினர். முதன்மை யாருக்கு என்ற பூசல் அதன்பின் பல்லாண்டு நீடித்தது. ராஸ் எளிதில் மன்னிக்கும் இயல்பினர் அல்லர். 1902இல் நோபெல் பரிசு அவருக்குத் தனியே வழங்கப்பட்டபோதும் பூசல் அடங்கவில்லை. தமக்கு வழிகாட்டிய மான்சனோடும் பிற்காலத்தில் அவருக்குப் பிணக்கு நேர்ந்தது.

பரிசும் புகழும் வந்த பின்னரே வாழ்க்கையின் கடினமான பகுதி தொடங்கியது. கொசுதான் காரணம் என்றால் கொசுவைக் குறையுங்கள் என்று ராஸ் ஊர் ஊராகச் சொன்னார். 1899இல் பணி துறந்து லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்த அவர், மேற்கு ஆப்பிரிக்காவின் பிரீடவுன் நகரில் குட்டைகளைத் தூர்க்க வைத்தார். சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியாவில் 1902இல் அவர் காட்டிய வழியில் நடந்த பணியால் காய்ச்சல் சில ஆண்டுகளிலேயே ஒடுங்கியது. ஆனால் இலாகூருக்கு அருகிலுள்ள மியான்மீர் படைவீட்டில் அதே காலத்தில் அரசு நடத்திய முயற்சி தோற்றது. வாய்க்கால்களை மூடினாலும் வெளியிலிருந்து கொசுக்கள் பறந்து வந்துகொண்டே இருக்கும்; கடைசிக் கொசுவரை ஒழிப்பது இயலாது; எனவே கொய்னா கொடுப்பதோடு நின்றுவிடலாம் என்பது அதிகாரிகள் பலரின் முடிவாயிற்று. பணி அரைகுறையாக நடந்தது என்று ராஸ் சீறினார். எனினும் சீற்றம் விடையாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இந்த வாதம் ஏட்டளவில் நின்ற ஒன்றன்று. இயலாது என்ற சொல் நிலைத்துவிட்டால், ஆண்டுதோறும் காய்ச்சலில் நடுங்கும் இலட்சக்கணக்கான எளிய மக்களுக்கு அரசு செய்யத்தக்கது வேறொன்றும் இல்லை என்றாகிவிடும். அந்தச் சொல்லை மறுக்க ராஸ் கணிதத்தை நாடினார்.

1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் கூடிய அறிவியல் மாநாட்டில் முதல் விடையை அவர் முன்வைத்தார். ஒரு கொசு பிறந்த இடத்திலிருந்து எத்தனை தொலைவு போகும்? அது நேர்கோட்டில் பயணம் போவதில்லை. ஒருமுறை இடப்புறம், ஒருமுறை வலப்புறம், மீண்டும் பின்புறம் என்று திரிகிறது. அவ்வாறு திரிபவற்றுள் மிகப்பெரும்பாலானவை பிறந்த இடத்தின் அருகிலேயே மடியும். ஆகவே போதிய பரப்பைத் தூய்மை செய்தால் நடுவே வாழ்வோரை அடையும் கொசுக்கள் சிலவே என்று அவர் காட்டினார். இக்கணக்கை முழுமையாக்க இலண்டன் பேராசிரியர் கார்ல் பியர்சனின் உதவியை நாடினார். பியர்சன் அதனை 1905இல் ஓர் இதழில் பொதுவினாவாக வெளியிட்டார். நோக்கமின்றி அடி எடுத்து வைப்பவனின் நடை என்று அவர் அதற்குச் சூட்டிய பெயர், பின்னாளில் இயற்பியல் முதல் பொருளியல் வரை பரவியது. அந்த வினா கூர்மை பெற்றதில் மலேரியாக் கொசுவுக்கும் பங்குண்டு.

இரண்டாம் விடை மொரீசியசுத் தீவில் உருவாயிற்று. தமிழகத்திலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் உழைப்பில் விளைந்த கரும்புத் தோட்டங்கள் நிறைந்த தீவு அது. 1860களின் பிற்பகுதியில் புகுந்த மலேரியா அங்கே பல்லாயிரவரைக் கொன்று நிலைகொண்டுவிட்டது. 1907இன் இறுதியில் அரசின் அழைப்பில் அங்குச் சென்ற ராஸ், குழந்தைகளின் வயிற்றைத் தடவி, வீங்கிய மண்ணீரல் எத்தனை பேருக்கு என்று கணக்கெடுக்கச் செய்தார். மறு ஆண்டு எழுதிய அறிக்கையில், நோய் நிலைப்பதற்கு வேண்டிய கொசுக்களின் தொகையைக் கணக்கிட முனைந்தார். 1910, 1911ஆம் ஆண்டுகளின் நூற்பதிப்புகளில் அக்கணக்கு முதிர்ந்த வடிவம் பெற்றது.

அவர் சென்ற வழி எளியது. பிறக்கும் கொசுக்களுள் நாலில் ஒன்றுக்கே மனிதரைக் கடிக்கும் வாய்ப்புக் கிட்டும் என்று கொள்வோம். நோயாளிகளுள் நாலில் ஒருவர் இரத்தத்தில்தான் கொசுவைத் தொற்றும் நிலையில் கிருமி இருக்கும். அக்கிருமி கொசுவின் உடலில் முதிர்வதற்குப் பத்து நாட்கள் அளவில் ஆகும். அதுவரை பிழைத்திருப்பவை மூன்றில் ஒன்று. பிழைத்தவற்றுள்ளும் நாலில் ஒன்றே மீண்டும் ஒரு மனிதரைக் கடிக்கும். இவற்றைப் பெருக்கினால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் ஒன்று என்ற சிறு பின்னம் கிடைக்கிறது. மறுபக்கம், நோயாளிகளுள் ஐந்தில் ஒருவர் மாதந்தோறும் குணமடைகின்றனர். குணமடைவோரின் தொகையைப் புதிதாக நோயுறுவோரின் தொகை எட்ட வேண்டுமானால், ஊரில் தலைக்கு ஏறக்குறைய நாற்பது மலேரியாக் கொசுக்களாவது மாதந்தோறும் பிறக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நோய் தேயும். கொசு இருக்கும், காய்ச்சல் இராது.

நாற்பது என்ற எண் தோராயமானது. இடத்துக்கு இடம் மாறக்கூடியது. ராஸுக்கும் அது தெரியும். ஆனால் அந்த எண் வழியே புலப்பட்ட உண்மை மாறாதது. ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு; கடைசிக் கொசுவைத் துரத்த வேண்டியதில்லை; கோட்டுக்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே நிறுத்திவைத்தால் போதும். முழுமை இயலாது என்பதால் முயற்சியே வேண்டாம் என்று சொல்லும் சோம்பலுக்கு இதைவிடக் கூரிய மறுப்பு வேறில்லை.

1911இல் இக்கருத்தை அவர் வகைக்கெழுச் சமன்பாடுகளாக வடித்தார். நோய் பரவுவதை மட்டுமன்றி, மக்களிடையே நிகழும் எதனையும் இரு வகையாகப் பிரிக்கலாம் என்று அதன்பின் சிந்தித்தார். ஒருவருக்கு நேரும் விபத்து மற்றவருக்கு நேர்வதைப் பொறுத்ததன்று. அது சாரா நிகழ்ச்சி. தொற்றுநோயோ, முன்பே எத்தனை பேருக்கு நேர்ந்துள்ளது என்பதைப் பொறுத்தது; அது சார்ந்த நிகழ்ச்சி. ஹில்டா ஹட்சன் என்ற கணித அறிஞரின் துணையோடு 1916, 1917ஆம் ஆண்டுகளில் இலண்டன் ராயல் கழக ஏட்டில் இக்கோட்பாட்டை விரித்தெழுதினார். நோயளவியல் என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு பெயரையும் இத்துறைக்கு அவரே சூட்டினார்.

அக்கட்டுரைகள் எழுதப்பட்ட காலம் அவருக்குத் துயரமான காலம். உலகப்போர் தொடங்கிய சில வாரங்களிலேயே, 1914 ஆகஸ்டில், மூத்த மகன் பிரான்சுப் போர்முனையில் மாண்டார். பெரியம்மைக்குத் தடுப்புமுறை கண்ட ஜென்னருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முப்பதாயிரம் பவுன் அளித்ததைச் சுட்டித் தமக்கும் அவ்வாறு வழங்க வேண்டும் என்று ராஸ் விண்ணப்பித்தார்; அது ஏற்கப்படவில்லை. 1928இல் தம் கடிதங்களையும் ஆய்வுக் குறிப்புகளையும் இரண்டாயிரம் பவுனுக்கு விற்றார். வாங்கிய சீமாட்டி அவற்றை அறிவுலகத்துக்கே கொடையாக்கியது நற்பேறு. 1931இல் மனைவி மறைந்தார். மறு ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், தம் பெயரால் இலண்டனில் எழுந்த ஆய்வு நிலையத்திலேயே ராஸின் உயிர் பிரிந்தது.

அவர் குறைகளற்றவர் அல்லர். ஆளும் இனத்தின் செருக்கு அவரிடமும் இருந்தது. கொசுக்கடிக்கு உடலைக் கொடுத்தவரும், கொசு பிடித்துத் தந்தவரும் பரிசு மேடையில் இடம்பெறவில்லை. இருந்தும் அவர் விட்டுச்சென்ற கணக்கு, ஆண்டவர், ஆளப்பட்டவர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் பயன்பட்டது.

அந்தப் பயன் உடனே விளையவில்லை. மருத்துவர்க்குக் கணிதம் அயலாக இருந்தது; கணிதர்க்குக் கொசு அயலாக இருந்தது. 1901இல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தம்முடன் வந்த மெக்கென்றிக் என்ற இளம் மருத்துவருக்குக் கணித ஆர்வத்தை ஊட்டியிருந்தார் ராஸ். அவரே, சோதனைச்சாலை விபத்தில் பார்வையிழந்த வேதியியலறிஞர் கெர்மக்குடன் இணைந்து, 1927இல் எல்லைக்கோட்டுக் கருத்தைப் பொதுத் தேற்றமாக நிறுவினார். எடுத்துக்காட்டாக அவர்கள் ஆண்டது பம்பாயில் 1905, 1906ஆம் ஆண்டுகளில் பரவிய பிளேக் நோயின் கணக்கு. 1950களில் ஜார்ஜ் மக்டொனால்டு, ராஸின் சமன்பாடுகளைத் திருத்தி விரித்து, கொசுக்களின் தொகையைவிட அவற்றின் ஆயுளே முதன்மையானது என்று காட்டினார்.

ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பார் என்ற எண்ணே இன்று இத்துறையின் அடிப்படை. அந்த எண் நான்கு என்றால், நால்வரில் மூவருக்குக் காப்பு இருந்தாலே நோய் மேற்செல்ல வழியின்றி நிற்கும். நான்காமவர் ஊசி போடாமலே காக்கப்படுவார். உலகிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஊசி போட்டு முடித்த பிறகு பெரியம்மை ஒழியவில்லை. சங்கிலி ஆங்காங்கே அறுபட்டதனால் 1977இல் இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளியோடு அது நின்றது.

தடுப்பூசியை மதிப்பிடுவதிலும் ராஸின் பிரிவினை கைகொடுத்தது. 1760இல் டேனியல் பெர்னூலி என்ற கணித அறிஞர், அம்மைப்பால் குத்திக்கொள்வதால் சராசரி ஆயுள் மூன்றாண்டுகள் அளவில் கூடும் என்று கணக்கிட்டிருந்தார். குத்திக்கொண்டவருக்கு வரும் பயனே அதில் எண்ணப்பட்டது. குத்திக்கொள்ளாத அண்டை வீட்டாருக்கும் பயன் உண்டு என்பதைச் சேர்த்து எண்ண, நோயைச் சார்ந்த நிகழ்ச்சியாகக் காணவேண்டும். 1991இல் ஹாலோரன், ஸ்ட்ருச்சினர் ஆகிய ஆய்வாளர் இருவர் ராஸின் அந்தச் சொல்லையே எடுத்தாண்டு, தடுப்பூசியின் நேர்ப்பயனையும் சூழ்பயனையும் பிரித்தளக்கும் முறையை வகுத்தனர். மலேரியாவுக்கே தடுப்பூசி உருவானபோது, அது எத்தனை உயிர்களைக் காக்கும் என்பதை நான்கு தனித்தனிக் கணித மாதிரிகளைக் கொண்டு ஒப்பிட்டனர். உலக நல நிறுவனம் 2021இல் ஒரு தடுப்பூசியையும் 2023இல் மற்றொன்றையும் பரிந்துரைத்தது. இரண்டும் முழுக்காப்பு அளிப்பவை அல்ல. முழுக்காப்பு இல்லாததும் பயனுடையதாகும் என்பது ராஸின் கணக்குச் சொன்ன செய்தியே.

கோட்டுக்குக் கீழே இறக்குவது மட்டும் போதாது, நிறுத்திவைக்கவும் வேண்டும் என்பதற்கு இலங்கை சான்று. 1963இல் அங்கு மலேரியா கண்டவர் பதினேழு பேரே. காவல் தளர்ந்தது, அடுத்த சில ஆண்டுகளில் காய்ச்சல் இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது. மீண்டும் பல்லாண்டு பாடுபட்ட பின்னரே, 2016இல், மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை இலங்கை பெற்றது.

கல்கத்தாவில் ராஸ் பணிபுரிந்த மருத்துவமனையின் வாயிலில் 1927இல் நினைவுச்சின்னம் ஒன்று திறக்கப்பட்டது. முதுமையில் அவரே அதைக் காண வந்திருந்தார். அந்தக் கல்லில் செதுக்கப்பட்டுள்ளவை, கொசுவில் கிருமியைக் கண்ட களிப்பில் அவர் எழுதிய கவிதை வரிகள். அவர் கண்ட எல்லைக்கோட்டுக் கணக்கு அங்கே இல்லை. ஓர் ஊரில் எத்தனை குழந்தைகளுக்கு ஊசி போட்டால் எல்லாக் குழந்தைகளும் காக்கப்படுவர் என்று ஒரு நலப்பணியாளர் கணக்கிடும் போதெல்லாம், கல்லில் ஏறாத அந்தக் கணக்கு மீண்டும் எழுதப்படுகிறது.